கள்ளக்குறிச்சி வழியாக அருவிக்கு

பெரம்பூர், சென்னை
27.9.1999

அன்புத் தங்கை காசிம் பீவிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை அக்பர் அலியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

அம்மா மௌத்தான பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஆயுத பூஜை விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண்கள் டூர் பஸ்ஸில் கல்வராயன் மலை அருவிக்கு வருகிறோம். உளுந்தூர்பேட்டையில் காலைச் சாப்பாடு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே டீ, பிறகு மலை. டீ குடிக்கும் நேரத்தில் உன்னை ஒரு கண் பார்க்கலாமா?

உன் அக்கா,
ரம்ஜான் பீவி

கள்ளக்குறிச்சி
4.10.1999

அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம்.

உன் கடிதத்தை அவரும் படித்தார். “இத்தினி வருசம் இல்லாம இப்ப இன்னாத்துக்கு வர்றாங்க? உங்கம்மா வூட்டுல பங்கு கேக்கத்தான்” என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அம்மா மூச்சை விட்டபோது நீ கொடைக்கானலில் இதே மாதிரி ஒரு டூரில் இருந்தாய். தந்தி உன் பூட்டிய வீட்டு வாசலில் கிடந்தது. நீ வந்து சேர்ந்தபோது கபர் மண் காய்ந்துவிட்டது. அப்படி அங்கே என்னதான் பார்த்தாய் என்று கேட்டேன். “ஒரே கூட்டம், பனி, ஒண்ணும் தெரியல” என்றாய். ஒன்றும் தெரியாத இடத்துக்குப் போய்த்தான் அம்மா முகத்தைப் பார்க்காமல் விட்டாய்.

இந்த அருவியும் அப்படித்தான். சாதாரண நாளில் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். விடுமுறையில் தலைகள்தான் தெரியும், காலடியில் ஷாம்பு பாக்கெட். இறங்கி, நனைந்து, ஏறிப் போவதில் என்ன இருக்கிறது? நீ அருவி பார்க்கத்தான் வருகிறாய் என்று என்னால் நம்ப முடியவில்லை.

காசிம் பீவி

பெரம்பூர்
9.10.1999

அன்பு காசிமுக்கு,

அந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்லும் வேண்டாம். கொடைக்கானலுக்குப் பிறகு நான் எந்த டூருக்கும் போனதில்லை. இதற்குப் பெயர் கொடுத்ததே, பஸ் உன் ஊரில் நிற்கும் என்பதால்தான். தனியாக வந்து உன் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. நீ பதில் போடாவிட்டால் டீ குடிக்கக்கூட இறங்கமாட்டேன்.

ரம்ஜான்

கள்ளக்குறிச்சி
19.10.1999

அக்காவுக்கு,

நான் பதில் போடவில்லை; சொன்னபடி நீயும் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே பாத்திரக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சந்தேகம் விடவில்லை. மலையில் எல்லோரையும் விட்டுவிட்டு ஊருக்குள் திரும்பி வந்து வீட்டுப் பங்கு விஷயமாக யாரையாவது பார்ப்பாயோ என்று, பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணுவைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் மலைக்கு வந்தேன்.

நான் எழுதிய அதே கூட்டம். பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை. உன் முதுகுக்குப் பின்னாலேயே வந்தேன். பாறையில் உனக்குக் கால் வழுக்கியது. என் கை தானாகப் போய் உன் கையைப் பிடித்துவிட்டது. தண்ணீரில் கண்ணை மூடியபடியே நீ கேட்டாய்:

“நல்லா இருப்பீங்கம்மா. எந்த ஊரு நீங்க?”

பின்னாலிருந்து ஒருத்தி, “இன்னாம்மா, நீங்களே நின்னுக்கினு இருந்தா எப்டி? நவுருங்க” என்று கத்தினாள். நீ கையை விடவில்லை. டூர்காரர் விசில் ஊதும்வரை அப்படியே நின்றோம். பிறகு நான் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

அது நான்தான் அக்கா. உனக்குத் தெரியாமலா இருந்தது? உண்மையைச் சொல்.

காசிம்

பெரம்பூர்
23.10.1999

அன்பு காசிமுக்கு,

தெரிந்தது. கையைப் பிடித்ததுமே தெரிந்தது. உன் பெயரைச் சொல்லியிருந்தால் நீ உருவிக்கொண்டு போயிருப்பாய். அதனால்தான் யாரிடமோ கேட்பது போலக் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே புலம்பல். “இந்தக் கூட்டத்துல இன்னாத்த பாத்தோம்?” என்றார்கள். நானும் அருவியைச் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் அவ்வளவு கூட்டம் இல்லாவிட்டால் நீ என் பக்கத்தில் வந்து நின்றிருப்பாயா?

வெள்ளிக்கிழமை காலை சேலம் பஸ்ஸில் வருகிறேன், தனியாக. மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடு. என் மேல் அவருக்கு இருக்கும் சந்தேகம் உடனே தீராது, தெரியும். தீரும்வரை தங்குகிறேன்.

உன் அக்கா,
ரம்ஜான்