சம்மதம் இல்லை என்று சொன்ன நைனாவுக்கு

நைனா,

இன்று காலை கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் மளிகைக்காரர் புதுச் சூடப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். "இன்னா பாஸ்டரே, சூடம் வோணுமா?" என்று கிண்டல் செய்தார். வேண்டாம் என்றேன். சூடம் வேண்டாம் என்று சொல்லித்தானே உன்னையும் ஏரியையும் ஒரே நாளில் இழந்தேன்! நீ செத்துப்போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. உன்னோடு எனக்கிருக்கும் சண்டை மட்டும் போகவில்லை.

"ஒன் சாமி ஒன்ன பேர் சொல்லியா கூப்ட்டாரு?" என்று கேலியாகக் கேட்பாய். இல்லை நைனா, வானத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பொன்னேரிக்கு மீன் கொண்டுபோன நாட்களில் அங்கே ஒரு கீற்றுக்கொட்டகை ஜெபவீட்டில் ஒதுங்குவேன். ஞானஸ்நானம் வாங்கியதும் அங்கேதான். எனக்கு எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும் என்பதால் வேதம் வாசிக்கச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா படிப்பா" என்றாள். படித்தேன். திரும்பவும் கேட்டாள். அன்று கொண்டுபோன மீன் விற்காமல் நாறிப்போனது, எனக்கு வருத்தமே இல்லை. இனி என் வேலை இதுதான் என்று தெரிந்துவிட்டது. இதற்கு மேல் விளக்கம் அன்றும் என்னிடம் இல்லை, இன்றும் இல்லை.

பிறகு பாடு பிரிக்கும் நாள் வந்தது. பழவேற்காடு ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று நம் குப்பம் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் நாள். வயது வந்த ஆணுக்கு ஒரு பங்கு. சீட்டு எடுக்கும் முன் கோயில் வாசலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, அடுத்தவன் பாடு இருக்கும் இடத்தில் வலை போடமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். என் முறை வந்தபோது, சத்தியத்தை வாயால் சொல்கிறேன், சூடம் அணைக்கமாட்டேன் என்றேன். குப்பமே கத்தியது. நீ என் காதருகே வந்தாய்.

"கைய வச்சி அணச்சிட்டு போய்க்கினே இருடா. மனசுல எவன வோணா கும்புட்டுக்கோ. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேன் நைனா."

பெரியவர்கள் என் பங்கை வெட்டிவிட்டார்கள். தம்பி பங்குக்கு வரும் வயதில்லை. நம் வீட்டுக்கு உன் பங்கு மட்டுமே மிஞ்சியது. என் பங்காக இருந்த நாட்களில் மற்றவர்கள் வலை போட, நீ கரையில் உட்கார்ந்திருந்தாய். பங்கை வெட்டிய அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாய். எனக்கும் வீம்புதான், நானும் பேசவில்லை.

பாஸ்டர் ஆவதற்கான ஊழியப் பயிற்சிக்கு மனுப் போட்டேன். சபைக் கமிட்டிக்கோ என்மேல் நம்பிக்கை இல்லை. சம்பளத்துக்கும் வீட்டுக்கும் ஆசைப்பட்டு வருகிறவன் என்று ஜாடையாகப் பேசினார்கள். பரம்பரைக் கிறிஸ்தவர்கள் யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார்கள்: அப்பாவுக்குச் சம்மதமா, கூட்டிவா பார்க்கலாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் தம்பியிடம் சொல்லியனுப்பினேன்.

வரமாட்டாய் என்று நினைத்தேன். துவைத்த சட்டையும் தோளில் துண்டுமாக வந்து நின்றாய். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"பையன் ஊழியத்துக்கு வர்றதுல உங்களுக்குச் சம்மதந்தானே?" என்றார் தலைவர்.

"இல்ல சார். அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. இவனால எனக்குப் பாதித் தண்ணி பூடுச்சி. அடிச்சிப் பாத்தேன், பேசாம இருந்தும் பாத்தேன். கேக்க மாட்டேன்றான். உங்களால முடிஞ்சா நீங்க நிறுத்திப் பாருங்க."

என்னைப் பார்க்காமலே வெளியேறினாய். சம்பளத்துக்கு வருகிறவன் இருக்கிற பிழைப்பை விட்டுவிட்டு வரமாட்டான் என்று சொல்லி, தலைவர் அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு நீ வீட்டில் குதித்ததைத் தம்பி சொன்னான்: "நான் வோணான்னு சொல்றேன், அதுக்கோசரமே எடுத்துக்கினானுங்கோ. இன்னா ஜனம்டா இது!" இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. என்னை மீட்டுக்கொண்டு போக வந்த நீதான் என்னை உள்ளே தள்ளிவிட்டுப் போனாய்.

நீ இறந்தபோது கொள்ளி வைக்க என்னை விடவில்லை. தம்பி வைத்தான், நான் எட்ட நின்று அழுதேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் சபைச் செயலாளர் வந்து, "அப்பா கடைசில மனந்திரும்பிட்டாருன்னு ஞாயித்துக்கெழம ஒரு வார்த்த சொல்லிடுங்க பாஸ்டர், ஜனங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கெட்ட மனிதர் அல்ல. ஆனாலும் கொதித்துப்போனேன். உயிரோடு இருந்தவரை எவனுக்கும் தலையாட்டாதவனைச் செத்த பிறகு தலையாட்ட வைப்பதா?

அந்த ஞாயிறு, கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்தவர்கள் பின்வரிசையில் தூக்கக் கண்களோடு இருந்தார்கள். பீடத்தில் நின்று சொன்னேன்: "எங்க நைனா ஒத்துக்கல. சாவுற வரைக்கும் ஒத்துக்கல." தூங்கியவர்கள்கூட நிமிர்ந்தார்கள். செயலாளர் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும், பேசாதவர்களோடு காலம் தள்ள எனக்கு உன்னிடமே நல்ல பழக்கம்.

நீ இல்லாதது வலிக்கிறது நைனா. அதற்காக உன் பெயரில் ஒரு பொய் சொல்ல யாரையும் விடமாட்டேன், என்னையும்கூட. பீடத்தில் ஏறும் ஒவ்வொரு முறையும் உன் "இல்ல சார்" காதில் கேட்கிறது.

கேட்கட்டும். நான் ஏறுவேன்.