மூன்றடி ஃபிரிட்ஜுக்குக் கீழே நின்றவன்

ஜூன் 2, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் தகரம் மாதிரி. கத்திரி முடிந்துவிட்டதாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தி.நகர் கடையிலிருந்து இன்று ஆறு வீடு. நான்கு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு வாஷிங் மெஷின், ஒரு டி.வி. எல்லாம் விளையாட்டுச் சாமான்.

புதன்கிழமை பெரியது ஒன்று, மயிலாப்பூருக்கு. மூன்றடி அகலம், பீரோ மாதிரி இரட்டைக் கதவு. சேல்ஸ்மேனிடம் கேட்டேன். "ஒரு அடி அகலம் ஜாஸ்தி, அதுக்கு இன்னா நைனா மூணு மடங்கு விலை?"

"அண்ணே, உள்ள ரெண்டு பக்கமும் தனித்தனியா குளிர் போகணும். மிஷின் பெருசு. சின்னது தினம் போகுது, இது எப்பவாச்சும் ஒண்ணு. கொஞ்சமா செய்ற பொருள் எப்படிண்ணே மலிவா வரும்?"

எனக்குத் தெரிந்தது வேறு. லாரியில் மூன்று சின்னது நிற்கிற இடத்தை இது ஒன்றே அடைத்துக்கொள்ளும். என் மனைவி பஸ்ஸில் உட்காருவது மாதிரி. அவளிடமே சொன்னேன். இன்று வெறும் ரசம்.

கஸ்டமர் விலை கேட்டால் நான் சொல்லும் பதில்கள்:
– அடையாறு டாக்டரம்மாவுக்கு: உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம் மேடம்.
– திருவான்மியூர் புது மாப்பிள்ளைக்கு: மாமியார் வந்தால் வைக்க இடம் வேண்டாமா?
– குண்டான ஆளாக இருந்தால்: உங்களுக்குத் தெரியாததா சார்.

ஜூன் 3, செவ்வாய்

புழுக்கம். முதுகில் வேர்க்குரு.

குமரேசன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என் தங்கை சாந்தியின் புருஷன். இந்த வேலையில் நான்தான் சேர்த்துவிட்டேன். முன்பு பெரிய குடி. இரண்டு வருஷமாகச் சொட்டுக் கிடையாது. கண் மட்டும் எப்போதும் சிவப்பு, வெல்டிங் பட்டறையில் கெட்டுப்போன கண். என் தமாஷ் பாதி அந்தக் கண்ணில்தான் ஓடுகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும், "சார், ஐஸ் கீதா? நம்மாளு காலைலயே ஆரம்பிச்சிட்டான், கண்ணப் பாருங்க" என்பேன். வீட்டுக்காரர் பயந்து, அப்புறம் சிரிப்பார். கு.வும் சிரிப்பான், வாயால் மட்டும்.

இன்று டீக்கடையில், "மச்சான், அத்த மட்டும் சொல்லாத. வேற இன்னா வேணா சொல்லு. சாந்தி படாத பாடுபட்டு நிறுத்த வெச்சா" என்றான்.

"சரி மாப்ள. இனிமே நீ தாய்ப்பால்தான் குடிக்கறேன்னு சொல்றேன்."

எங்களோடு சாமான் தூக்கும் தாஸ் டீயைத் துப்பிவிட்டான். கு. பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அந்த டீயையும் நானே குடித்தேன்.

பெரிய ஃபிரிட்ஜுக்கு நான்கு ஆள் என்பது கடைச் சட்டம். நான்காவது ஆள் வேலு நாளைக்கு லீவு. "மூணு பேர் போதும் சார்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். ஒரு கெத்துக்குத்தான்.

ஜூன் 4, புதன்

மயிலாப்பூர். குளத்துக்குப் பின்னால் பழைய அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. லிஃப்டில் இரண்டு பேர் நின்றாலே மூச்சு முட்டும். வீட்டு மாமா சமையலறையை அரை அங்குலம் பிசகாமல் டேப்பால் அளந்து வைத்திருக்கிறார். மாடிப்படித் திருப்பத்தை அளக்கவில்லை. மாமி கல்யாணங்களுக்குப் பால் ஸ்வீட் செய்து கொடுப்பவர். பெரிய தட்டு சாயாமல் நேராக உள்ளே போகவேண்டுமாம், அதற்குத்தான் அகலம்.

கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றலாம், அதற்குத் தனிக் காசு என்றேன். "பின்ன படி எதுக்குக் கட்டியிருக்கா?" என்றார் மாமா.

கதவுகளைக் கழற்றினோம். கழற்றியும் மலை. மேலே நானும் தாஸும், ஃபிரிட்ஜைச் சுற்றிக் கட்டி இழுக்கிற பெல்ட். கீழ்ப்பிடி கு. கீழ்ப்பிடி என்றால் முழு எடையும் அவன்மேல். மேலே இருக்கிறவன் பெல்ட்டைத் தளர்த்தவே கூடாது.

வாசலிலேயே என் வழக்கமான பாட்டு. மாமி பதறிவிட்டார். "ஐயையோ, குடிச்சுட்டா வந்திருக்கார்?" கு. என்னைப் பார்த்தான்.

முதல் மாடித் திருப்பம். மாமா மேலிருந்து குனிந்து, "ஏம்ப்பா, எல்லா ஃபிரிட்ஜும் குளிரத்தானே பண்றது? அகலமா இருந்தா மட்டும் ஏன் இவ்வளவு விலை?"

என் வாய் சும்மா இருக்குமா. திரும்பினேன். "கீழ புடிக்கறவனுக்குக் குவாட்டர் காசும் அதுலதான் மாமா!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபோது பெல்ட் ஒரு கையில். கையில்கூட இல்லை, விரலில்.

ஃபிரிட்ஜ் ஒரு படி இறங்கியது. ஒரே ஒரு படி. கு. அதற்கும் சுவருக்கும் நடுவில். கத்தவில்லை. "புடி மச்சான்" என்றான், அவ்வளவுதான்.

மாமி மேலிருந்து, "ஏன்னா, டென்ட் விழுந்துடுத்தா பாருங்கோ." மாமா செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம்தான் கு.வைப் பார்த்தேன். கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதைக் கண்டதும் மாமிதான் முதலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

ஜூன் 5, வியாழன்

ஐந்து நிமிஷம் தூறல். மண்வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

கு.வுக்கு இடுப்பெலும்பு. பிளேட் வைக்கணுமாம். இனி பாரம் தூக்குவது சந்தேகம். கடைதான் வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்று சாந்தி நம்பிக்கொண்டிருக்கிறாள்.

சூப்பர்வைசர் அறைக்குக் கூப்பிட்டார். "உங்க ஆளு குடிச்சிருந்தான்னு கஸ்டமர் சொல்றாரு. கூட வந்தவனே சொன்னானாம். நீதானே?"

"அது தமாஷ் சார்."

"சரி, தமாஷ். குடிக்கல. அப்ப எப்படி இறங்குச்சு? மூணு பேர் போதும்னது யாரு? மேல பெல்ட் யாரு?"

ஏ.சி.யில் எனக்கு வேர்த்தது.

"குடிச்சிருந்தா அவன் தப்பு. குடிக்கலன்னா உன் தப்பு. ரெண்டுல ஒண்ணை எழுதிக் குடு. உனக்குத்தான் எழுத்து அழகா வருமே."

வரும். ஐந்தாவதோடு நின்றாலும் வாத்தியார் என் எழுத்தை மட்டும் புகழ்வார், முத்து முத்தாக உருண்டை. எங்கள் வீட்டில் ரேஷன் மனுவோ மொய் நோட்டோ, எதுவானாலும் என் கைதான். இன்று நான்கு வரி எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லை.

சாயங்காலம் பீச்சில் சுண்டல். மாங்காய் தூக்கலாக, நன்றாக இருந்தது.

ஜூன் 7, சனி

வேலு வந்துவிட்டான். மயிலாப்பூர் ஃபிரிட்ஜ் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏறிவிட்டதாம். கடை செலவில். மாமி எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தாராம். எனக்கும் ஒன்று பொட்டலத்தில் வந்தது. சர்க்கரை அதிகம்.

சாந்தி போன். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாண்ணா. கடைலேர்ந்து பேப்பர் வந்துகீது."

ஜூன் 8, ஞாயிறு

சாத்துக்குடி ஆறு. வார்டில் ஃபேன் சத்தம்தான், காற்று இல்லை. கு. மல்லாக்கப் படுத்திருக்கிறான். கண் இன்னும் சிவப்பு. நர்ஸிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

சாந்தி, "செலவு தரமாட்டாங்களாம். இவரு குடிச்சிருந்தாராம். கூட இருந்தவனே எழுதிக் குடுத்துகீறானாம். யாருண்ணா அது, தாஸா?"

"அவனுக்கு அவ்ளோ தைரியம் ஏது" என்றான் கு. "மச்சான் வாயால சொல்லுவான். அது தமாஷு. எழுதிக் குடுக்கறவன் வேற ஜாதி ஆளு."

நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு காகிதம். ஒன்று டைப் அடித்தது, இன்னொன்று கையெழுத்து ஜெராக்ஸ். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. "நீ படிச்சுக் காட்டுண்ணா, யார் பேரு போட்டுகீதுன்னு பாக்கலாம்."

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா."

கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான் திருந்தவே மாட்டான்."

சாந்தி சிரிக்கவில்லை. ஜெராக்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏண்ணா, இது என் கல்யாண மொய் நோட்டு மாதிரியே உருண்டையா கீதே?"