இரண்டாவது சுற்றில் நடந்தவளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் நலத்தைப் பற்றி வழக்கமாக ஒரு வரி எழுதுவேன், இந்த முறை எழுதவில்லை, அது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து நீ போன் செய்வதும் நான் எடுக்காமல் இருப்பதும் எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. எடுத்தால் கத்துவேன், கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இப்போதைக்கு இளக எனக்கு இஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

மருந்துக்கடைக்காரர் நம் கடைக்கு டி-ஷர்ட் அச்சடிக்க ஆர்டர் கொடுத்ததை உன்னிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. புற்றுநோய் வந்தவர்களின் சிகிச்சைக்கு நிதி திரட்ட மைதானத்தில் ஓட்டம் வைக்கிறார்கள், ஓட முடிந்தவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம் என்றார். மூன்று நிறம் கேட்டார். சும்மா கலந்துகொள்கிறவர்களுக்கு வெள்ளை, நோய் வந்து மீண்டவர்களுக்கு ஊதா, அவர்களைக் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களுக்குப் பச்சை. முதல் சுற்று ஊதாக்காரர்கள் மட்டும், இரண்டாவது சுற்றில் பச்சைக்காரர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்வது, அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு விசில். நல்ல காரியம் என்று நானே ஸ்கிரீன் பிடித்து, நானே மை இழுத்து, ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டேன். எனக்கும் ஒரு வெள்ளை எடுத்து வைத்துக்கொண்டேன், இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்பிரிங் வைத்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதில் கால் நன்றாகவே பழகியிருக்கிறது, உன்னிடம் பெருமையடிக்கலாம் என்று ஓர் ஆசை. மடித்துக் கொடுக்க அம்மா கடைக்கு வந்தாள். ஊதா அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து, இது தொளதொளன்னு இருக்கும், இன்னும் சின்ன சைஸ்ல அடிங்க என்றாள். முகம் தெரியாத யார் மேலோ உனக்கு இவ்வளவு அக்கறையா என்று கேலி செய்துவிட்டு அவள் சொன்ன சைஸிலும் அடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வரும்வரை அம்மா மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மைக் பிடித்தவர் ஊதாக்காரர்களைக் கூப்பிட்டதும் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். உள்ளே ஊதா. நிறம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று பதறிப்போய் கையைப் பிடித்து இழுத்தேன், அது வேற ஆளுங்களுக்கு, யாராவது பாத்தா தப்பா நினைப்பாங்க, போய் மாத்திக்கோ என்றேன். அவள் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, சரியாத்தான் போட்டிருக்கேன், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இத்தனை நாளா எனக்கு வாய் வரல என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், கையில் ஸ்வெட்டர். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகு இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். புருஷன்மார், பிள்ளைகள், அக்கா தங்கைகள் என்று பச்சையில் இருந்தவர்கள் எல்லாம் கயிற்றைத் தாண்டிப் போய் அவரவர் ஆளோடு சேர்ந்துகொண்டார்கள். என் வெள்ளையோடு நானும் ஓர் அடி எடுத்து வைத்தேன். அப்போதுதான் அம்மா பையிலிருந்து செல்போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். வீடியோ காலில் நீ இருந்தாய், ஏதோ ஒரு பச்சை உடுப்பில். அந்தச் சுற்று முழுக்க என் பெண்டாட்டியோடு நீ நடந்தாய், நான் வேடிக்கை பார்த்தேன். என்னைத் தாண்டும்போது நீ என்னைப் பார்த்துவிட்டாய், அப்பா என்றாய், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிறகு அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். போன வருடம் உனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, துணைக்கு ஆள் வேண்டும் என்று அவளை வரவழைத்தாயே, உன் இடுப்புக்கு ஒன்றுமே இல்லையாம். கட்டியை எடுத்தது, கதிர்வீச்சு கொடுத்தது, எல்லாம் அங்கேயேதானாம். நான் மெனக்கெட்டு உன் இடுப்புக்குத் தைலம் அனுப்பினேன், தேய்த்தாயா என்று கேட்டதற்கு ரொம்ப இதமா இருக்குப்பா என்று சொன்னாய். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பார்ப்பவரிடமெல்லாம் நான் பெருமைப்பட்ட மாப்பிள்ளை, போனில் வரும்போதெல்லாம் உங்கள் ஊர் மழையைப் பற்றியே பேசினார், அத்தனை மழை எந்த ஊரில் பெய்யும் என்று எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அதையெல்லாம்கூட விட்டுவிடுகிறேன். மக வீட்டு சொகுசு ஒட்டிக்கிச்சு, புருஷன் ஞாபகமே இல்ல என்று ஒரு நாள் அம்மாவிடம் சிடுசிடுத்தேன். அப்போது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறாள், கையைத் தூக்க முடியாததால் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தது நீ. அத்தனையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தும் நீ, அப்பா நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை அப்படிப் பேச விட்டுவிட்டாயே மகளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று முடிவு செய்தவள் நீதானாம். ஸ்பிரிங் வைத்த டாக்டரே என்னைப் படியேறச் சொன்னார், நீ என்னைக் கண்ணாடிச் சாமானாக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய். நல்லதுக்குத்தான் செய்தாய், தெரிகிறது, அம்மாவை முழுசாகத் திருப்பி அனுப்பியவளும் நீதான். ஆனால் அவள் பயந்து கிடந்த நாட்களில் நான் பக்கத்தில் இல்லை, அந்த நாட்களை இனிமேல் யாராலும் எனக்குக் கொடுக்க முடியாது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துக்கொண்டாய். எனக்கு அது துரோகமாகத்தான் படுகிறது, வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்று மைதானத்தில் வெள்ளை போட்ட எங்களுக்கு விசில் ஊதியதும் நானும் நடந்தேன், அம்மா வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள், ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றை முடித்தேன். வீட்டில் இப்போது சாப்பாடு உண்டு, பேச்சு குறைவு. மறுபரிசோதனைக்கு அடுத்த மாதம் அவளை அங்கே அழைத்துக்கொள்ள நீங்கள் பேசி வைத்திருப்பதும் தெரிந்துவிட்டது. அது நடக்காது. இங்கேயே பார்க்கிறார்கள், நேரில் போய் விசாரித்துவிட்டேன். அங்கே எடுத்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் என் பெயருக்கு அனுப்பு. டாக்டர் அறைக்குள் நானும் வருவேன் என்று அம்மாவிடம் சொன்னதற்கு, வாங்க, ஆனா அங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது என்றாள். பார்க்கலாம் என்றேன். மாப்பிள்ளையிடம் மழை விட்டதா என்று கேட்டதாகச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு, இல்லாத இடுப்பு வலியைச் சொன்ன வாய் பலித்து உண்மையிலேயே வந்துவிடப் போகிறது, நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்.

இந்தப் பார்சலில் ஒரு பச்சை டி-ஷர்ட் இருக்கிறது. உன் அளவுக்கு அம்மா எடுத்து மடித்து வைத்தது. முதுகில் 'கூட இருந்தவர்' என்று எழுதியிருக்கும், அதை அடித்தது நான். உனக்குச் சேர வேண்டியதுதான், போட்டுக்கொள், வெந்நீரில் மட்டும் துவைக்காதே, எழுத்து உரிந்துவிடும். கடையில் இன்னும் பச்சைத் துணி இருக்கிறது, ஸ்கிரீனையும் அழிக்கவில்லை, என் அளவில் ஒன்று அடிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. அடித்துவிடலாம், போட்டுக்கொள்ளத்தான் முடியாது.

என் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு, கோபம் தனி. ரிப்போர்ட்டுகளை மறக்காமல் அனுப்பு, பரிசோதனைக்குப் போகும்போது என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா