இறக்குவது உன் வேலை

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நம் பழைய ரிமோட் விமானத்தின் பெட்டியை எடுத்துப் பிரித்தேன். தெர்மாகோல் ஒட்டும் பசையின் வாசனை குப்பென்று அடித்தது. கூடவே நீயும் வந்து தொலைத்தாய். உன்னை நினைப்பதற்காக நான் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. இறக்கை எத்தனை அங்குலம் என்று அளக்கத்தான் திறந்தேன். புது விமானம் வாங்கலாம் என்று சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்திருந்தேன், கடைக்காரர் அளவு கேட்டிருந்தார்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். அளவைச் சொன்னதும், எத்தனை வருஷமாக ரிமோட் விமானம் விடுகிறீர்கள் என்றார். மூன்று வருஷம் என்றேன். "அப்போ ஆரம்ப நிலையைத் தாண்டிட்டீங்க சார், அடுத்த கட்டத்துக்குப் போகலாம்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார். "நீங்களே தனியா எத்தனை தடவை தரையிறக்கியிருப்பீங்க? ஒரு நூறு இருக்குமா?"

ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. அது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே உறைத்தது. "நிறைய இருக்கும்" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். வைத்துவிட்டு உன்னைத்தான் திட்டினேன்.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். செங்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நானும், மலைக்குப் போகும் பேருந்தில் கண்டக்டரான நீயும், நாற்பது வயதுக்கு மேல் பொம்மை விமானம் வாங்கியதைப் பார்த்தே நம் இரண்டு வீட்டிலும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதை நாம் ஓட்டிய விதம் தெரிந்திருந்தால் இன்னும் பலமாக அடித்துக்கொண்டிருப்பார்கள். நீ விமானத்தைக் கையில் பிடித்து ஓடி வீசுவாய். நான் ரிமோட்டைப் பிடித்து மேலே ஏற்றுவேன், சுற்றுவேன், ஆசை தீர வளைப்பேன். பேட்டரி தீரும் நேரம் வந்ததும் நீ என் இடது பக்கம் வந்து நின்று, "போதும், குடு" என்பாய். விமானம் வானத்தில் இருக்க, ரிமோட் கை மாறும். கை மாற்ற இடைஞ்சலாக இருக்கிறதென்று கழுத்தில் மாட்டும் பட்டையைக்கூட முதல் மாதமே கழற்றி எறிந்தோம். ஒரு விமானத்தை இரண்டு பேர் பாதிப் பாதியாக ஓட்டுகிற கூத்து உலகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது.

முதலில் இதில் ஒரு நியாயம் இருந்தது. உடைந்தால் ஒட்டுகிறவன் நான். நீ இறக்கினால் எனக்கு வேலை குறைவு. உன் கை அவ்வளவு நிதானம். "கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பச்சொல்ல கம்பியப் புடிக்காம நின்னுக்கினே டிக்கெட் கிழிக்கிறவன் நானு. இது இன்னா பெரிய விசயம்?" என்பாய். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் போகிற மலைமேல், சாமை அறுத்த அந்த மேட்டு நிலத்தில், கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில், நீ அதைப் பூப்போல வைப்பாய். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொண்டே இருந்ததுதான் நான் செய்த தப்பு. நீயாவது ஒரு நாள், "இன்னிக்கு நீயே எறக்கு" என்று சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த விமானம் எது என்பதில்தான் நமக்குள் வாய்த்தகராறு வந்தது. நம் பழையதற்கு இறக்கை உடம்பின் மேலே இருக்கும். ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டால் தானாகவே சமநிலைக்கு வந்துவிடும், வாலை மட்டும் ஆட்டித் திரும்பும், ஆடி அசைந்து போகும். உனக்கு அது அலுத்துவிட்டது. இறக்கை கீழே வைத்த, வேகமான, தலைகீழாகக்கூடப் பறக்கிற ஒன்று உனக்கு வேண்டும். "மூணு வருசமா பால்வாடியிலயே கீறோம்பா" என்றாய். அது விட்ட கோணத்திலேயே நிற்கும், தானாக நிமிராது, இறங்கும்போதும் வேகமாக வரும், இந்த மேட்டில் தாங்காது என்றேன். மேலே இறக்கை உள்ளதிலேயே, இறக்கை ஓரங்களில் அசையும் பட்டைகள் வைத்தது, சக்கரம் பெரியது, அதுதான் அடுத்த படி என்றேன். நீ கேட்கவில்லை. போனில் படம் படமாகக் காட்டினாய். கடைசியில், "எறக்கவே பயப்படறவன் நீ. உனக்கு எது வாங்கினா இன்னா?" என்று சொல்லிவிட்டாய்.

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் தைத்தது. விமானத்தை என் வண்டியில் கட்டிக்கொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லக்கூட இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் புதன்கிழமை, முதல் நடைக்குப் பேருந்தில் ஏறப்போனவன், படியில் காலை வைத்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் நீ என்று எனக்குத் தெரியாது.

அது தை மாதம். இப்போது பங்குனி. போன ஞாயிற்றுக்கிழமை பழைய விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போனேன். கடைக்காரரிடம் சொன்ன பொய்யை ஒரு பங்காவது உண்மையாக்கிவிட்டுப் பிறகு வாங்கலாம் என்று ஒரு வீம்பு. தனியாக ஒரு தரையிறக்கம் செய்ய முடியாதவனுக்குப் புது விமானம் எதற்கு? முடியாவிட்டால் பெட்டியோடு யாருக்காவது கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு கையில் ரிமோட், ஒரு கையில் விமானம். முதல் வீச்சில் மூக்கு மண்ணில் குத்தியது. இரண்டாவதில் போய்விட்டது. மேலே போனதும் எல்லாம் பழையபடிதான், வளைத்தேன், சுற்றினேன். பேட்டரிக்கு வைத்த மணி அடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வானத்தைப் பார்த்தபடியே ரிமோட்டை இடது பக்கம் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. ஒரு நொடிதான், அதற்குள் விரல் குச்சியைத் தள்ளி, விமானம் மூக்கைக் கவிழ்த்துவிட்டது. பதறிப் பிடித்து இழுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி உன்னை உரக்கத் திட்டினேன்.

நிலத்துக்காரம்மா ஓரத்துப் புளியமரத்தடியில் உதிர்ந்த புளி பொறுக்கிக்கொண்டிருந்தார். நம்மைப் 'பிளேன் அண்ணனுங்க' என்று சொல்வாரே, அவர்தான். "இன்னாண்ணா, யாரை இப்புடித் திட்றீங்க?" என்று சத்தம் போட்டார்.

"இரும்மா, எறக்கிட்டு வர்றேன்!" என்று கத்தினேன். எங்கே இறக்குவது? முதல் முறை உயரமாக வந்தேன், பயந்து மேலே ஏற்றினேன். இரண்டாவது முறை புளியமரத்துக்கு நேராக வந்தேன், மறுபடி ஏற்றினேன். மூன்றாவது முறை சரியாகத்தான் வந்தது, கடைசி நொடியில் நானே மறுபடி ஏற்றிவிட்டேன். நான்காவது முறை ஏற்றுவதற்குப் பேட்டரியில் ஒன்றும் இல்லை. மோட்டார் நின்றுவிட்டது. குச்சியை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டு நின்றேன். விமானம் சாமைத் தட்டைகளை உரசி, குதித்து, தலைகீழாகப் புரண்டு நின்றது. ஒரு சக்கரம் தனியாக உருண்டது. முன்விசிறி இரண்டாக உடைந்திருந்தது. இறக்கைக்கு ஒன்றும் இல்லை. கேவலமான தரையிறக்கம்தான். ஆனால் என்னுடையது.

அன்று மாலையே கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, நான் சொன்னதைத்தான் வாங்கினேன். மேல் இறக்கை, ஓரப்பட்டைகள், பெரிய சக்கரம். நீ காட்டிய வேகமானது இப்போதைக்கு இல்லை. இதில் நீ சண்டை போட முடியாது என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இருந்திருந்தால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். அதைச் சமாளித்து ஜெயித்திருந்தால் ஒரு கெத்து இருந்திருக்கும். ஆள் இல்லாத இடத்தில் ஜெயித்து என்ன பண்ணுவது?

ஆனால் இந்தக் கடிதம் விமானத்தைப் பற்றி உனக்குச் சொல்ல எழுதியது அல்ல. நிலத்துக்காரம்மா அன்று சொன்னதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உருண்ட சக்கரத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். "அந்த அண்ணன் இன்னாத்துக்கு வரல?" என்றார். சொன்னேன். மடியிலிருந்த புளியைக் கீழே கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பொங்கல் கழிச்சு ஒரு நாயித்துக்கெழமை ஒண்டியா வந்திருந்தாருங்க" என்றார். "கையில ஒன்னும் இல்ல. இங்கதான் ஒக்காந்துக்கினு இருந்தாரு. பிளேன் எங்கண்ணான்னு கேட்டேன். அவன் எடுத்துக்கினு வருவான்னாரு. ரெண்டு பஸ்ஸு போச்சு. நீயே ஒன்னு வாங்கி வுட வேண்டியதுதானண்ணான்னேன். எனக்கு எறக்கத்தாம்மா தெரியும், அவன் ஏத்திக் குடுத்தாத்தான் உண்டுன்னாரு."

எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் உன் பக்கத்தில் நின்றும், உனக்கு மேலே ஏற்றத் தெரியாது என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பேருந்தையும் விட்டுவிட்டுப் புளி ஏற்றிய லாரியில் இறங்கிப் போனாயாம். அந்தத் தடத்தில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தே விட்டிருக்கிறாய். போன் ஒன்று போட்டிருக்கலாம். 'எங்கப்பா இருக்கற' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் வீம்பு உன்னை விடவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் இருக்கிறது. அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். ஆனால் அது உன்மேல் மட்டும் உள்ள கோபம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் மோட்டார் கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை எதுவும் இல்லை.