அப்பா வழிவிடாத மதியம்

அப்பா,

இன்று காலை ஆழியாறு பக்கம் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சோதனைச் சாவடியில் என் காருக்கு முன்னால் ஒரு லாரி நின்றது. வால்பாறையிலிருந்து தேயிலை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி வந்த வண்டி. அதன் சக்கரங்களிலிருந்து பிரேக் சூடேறிய வாசம் வந்தது. தீய்ந்த ரப்பரும் இரும்பும் கலந்த அந்த வாசத்துக்கு யாராக இருந்தாலும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். நான் இறக்கிவிட்டேன். லாரி போய், தடுப்பைத் தூக்கிய பிறகும் நான் நகரவில்லை. பின்னால் இருந்தவர் இறங்கியே வந்து, வண்டி நின்றுபோய்விட்டதா, தள்ளிவிடட்டுமா என்று கேட்டார். ஒன்றுமில்லைங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாசத்தை நான் முதலில் முகர்ந்தது உங்கள் பந்தயப் பள்ளியில்தான். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உங்களை நினைக்கும்போது களத்துக் கொப்பரை வாசம் வர வேண்டும், வாழ்நாளெல்லாம் அதில்தானே இருந்தீர்கள். எனக்கு வருவது பிரேக் வாசம்.

பந்தயக் கார் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னது உங்கள் அறுபதாம் கல்யாணத்தன்று, சாப்பாட்டுக் கூடத்தில். இனிமேல் ஓய்வுதானே என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டதற்கு, கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் மூன்று நாள் பள்ளி நடத்துகிறார்கள், பேர் கொடுத்திருக்கிறேன் என்று சாம்பார் வாளியோடு நின்றபடி பதில் சொன்னீர்கள். மாப்பிள்ளையே நீங்கள்தான். ஆனால் வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துவிட்டு மூன்றாம் பந்தியிலும் உங்களுக்கு இடமில்லாமல் பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"மொதல்ல பந்தியில உக்காந்து சாப்பிடப் பழகுங்க. அப்பறம் பந்தயத்துக்குப் போலாம்" என்றாள்.

வருடா வருடம் நீங்கள் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பந்தயம் பார்ப்பது எனக்குத் தெரியும். தேர் பார்க்கப் போவது மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். தேர் பார்க்கிறவர் தேரில் ஏற ஆசைப்படுகிறாரா என்ன? நாற்பது வருடமாக உங்களுக்குள் அந்த ஆசை இருந்திருக்கிறது, கூடவே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. என் வியப்பு அங்கே தொடங்கியது.

அதற்குப் பிறகு வீடே பள்ளிக்கூடத்துக்குத் தயாரானது. டாக்டர் சான்றிதழ், மெல்லிய அடியுள்ள ஷூ, கையுறை, ஹெல்மெட் என்று பள்ளியில் கேட்டவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தீர்கள். வளைவில் திரும்பும்போது ஹெல்மெட்டின் பாரம் கழுத்தை ஒரு பக்கமாகப் பிடித்து இழுக்கும் என்பதால் கழுத்தைத் தேற்றுவது என் பொறுப்பு. காந்திபுரத்தில் ஊரார் கழுத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் மகள் எதற்கு இருக்கிறேன்? ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டித் தலையில் மாட்டிவிட்டேன். அதை இழுத்துக்கொண்டே தினமும் பேப்பர் படித்து முடித்தீர்கள்.

அந்தக் காரில் இருக்கை தரையோடு தரையாக இருக்கும், காலை நீட்டிப் படுத்த வாக்கில்தான் ஓட்ட வேண்டும், தீப்பிடித்தால் ஒரு நொடி யோசிக்காமல் எழுந்து வெளியே குதிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்கு நீங்கள் கண்டுபிடித்த இடம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் பழைய சிமெண்டுத் தொட்டி. வறண்டு கிடந்த அதற்குள் காலை நீட்டிப் படுத்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, நான் கை தட்டியதும் எகிறிக் குதிப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் வேலியோரம் நின்று, "ஏனுங் மாமா, தொட்டிக்குள்ள என்னுங்க பண்றீங்க?" என்று கவலையோடு கேட்டார். "பரிச்சைக்குப் படிக்கறனுங்க" என்றீர்கள், கண்கட்டை அவிழ்க்காமலே.

கொப்பரையை அள்ளிய மாலைகளில் களம் உங்கள் பந்தயத் தடமாகும். தேங்காய் மட்டைகளை வரிசையாக வைத்து நம் வீட்டுக் காருக்கு வளைவுகள் போடுவீர்கள். வெளியோரமாக வந்து, வளைவின் உள்மூலையைத் தொட்டு, மறுபடி வெளியோரம் போக வேண்டும். மட்டை நொறுங்கினால் தப்பு. கொப்பரை காயப்போடுகிற இடத்தில் மனுசன் காரைக் காயப்போடுகிறார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாலும், மட்டை நொறுங்கும் சத்தம் கேட்டால் முதலில் எட்டிப்பார்ப்பது அவள்தான். போகப்போகச் சத்தம் குறைந்தது. என் நோயாளிகளில் உங்கள் வயதுக்காரர்கள் தரையிலிருந்து எழுந்தால் போதும் என்றுதான் பாடுபடுகிறேன். நீங்களோ மாதக்கணக்கில் அறுபது வயது முழங்காலை வைத்துக்கொண்டு தொட்டியிலிருந்து குதித்தீர்கள். என் படிப்பில் இதற்கு விளக்கம் இல்லை.

எல்லாவற்றுக்கும் தயாரானோம். உங்கள் வலது கையை மட்டும் இருவருமே மறந்துபோனோம்.

பொள்ளாச்சி ரோட்டில் பின்னால் எது வந்தாலும், அது மொபெட்டாகவே இருந்தாலும், நீங்கள் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'போங்க போங்க' என்று அசைப்பீர்கள். பிறகு, தாண்டிப் போகிறவர் முகத்தைப் பார்ப்பீர்கள், நேரமாக்கிவிட்டோமோ, கோபமாக இருக்கிறாரோ என்று. ரோட்டில் மட்டுமா? பங்கு பிரித்தபோது பெரியப்பா கிணற்றுப் பக்கம் கேட்டார், விட்டீர்கள். மானாவாரிக் காடுதான் நமக்கு வந்தது. அம்மா அதில் தண்ணீருக்குப் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வாய் அம்மாவுடையது, கை உங்களுடையது. பிறத்தியாருக்காகச் சண்டை போடுவேன். எனக்கு என்று வந்தால் நானும் 'நீங்க எடுத்துக்குங்க' என்றுதான் சொல்வேன்.

பள்ளியின் முதல் நாள் ஒரு குறையும் இல்லை. பிரேக் அடிக்கும் இடம், கியர் குறைக்கும் இடம் எல்லாம் சொல்லிக்கொடுத்துத் தனித்தனியாக ஓட விட்டார்கள். தரையை ஒட்டிக் கிடந்த அந்தச் சின்னக் காருக்குள் உங்களை இறக்கிப் பட்டைகளை இறுக்கியபோது ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை யாரோ ஒருவரின் கண்கள். வண்டி என்னைக் கடந்தபோது சத்தம் என் விலா எலும்பில் கேட்டது. கூட வந்திருந்த அம்மா காதைப் பொத்திக்கொள்ள மறந்து நின்றாள்.

இரண்டாம் நாள் எல்லோரையும் சேர்த்து விட்டார்கள். உங்கள் கண்ணாடியில் முதல் வண்டி தெரிந்ததும் அந்தக் கை மேலே போய்விட்டது. நேர்ப்பாதையின் நடுவில் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து 'போங்க போங்க' என்றீர்கள். பின்னால் வந்தவர் மிரண்டு, உங்கள் மேல் ஏறாமல் புல்லில் இறங்கித் தப்பினார். அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பியும் மறுபடி அதையே செய்தீர்கள். பயிற்சியாளர் என்னைவிடச் சின்னப் பெண். உங்களை மரியாதையாக ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள்.

"அங்கிள், முன்னாடி போறவர் அவர் லைன்ல போகணும். தாண்டறது பின்னாடி வர்றவங்க பொறுப்பு. யாராவது பக்கத்துல வந்துட்டா ஒரு கார் அளவுக்கு இடம் விடுங்க, அது போதும். நீங்க என்ன செய்வீங்கன்னு அவங்களுக்குத் தெரியலைன்னா ஆபத்து. நாளைக்கும் இப்படின்னா கடைசிப் பந்தயத்துல உங்களை விட முடியாது."

நீங்கள் "சரிங்க அம்மணி" என்றீர்கள்.  வீட்டுக்குத் திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். மூன்றாம் நாள் பந்தயம் இல்லையென்றால் அந்த நாற்பது வருடமும் வேலிக்கு வெளியேதான் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொழுது இருக்கும்போதே களத்தில் மட்டைகளை வைத்தோம். நீங்கள் முன்னால், என் காரில் நான் பின்னால். நெருக்கிக்கொண்டு வந்து ஹாரன் அடிப்பேன், நீங்கள் விடக்கூடாது என்பது ஏற்பாடு. அடித்த முதல் ஹாரனுக்கே கை வெளியே வந்தது. கொடுமை என்னவென்றால், நீங்கள் விட்ட வழியில் போகாமல் நானும் பிரேக்கை மிதித்து, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். அப்பனும் மகளும் களத்தின் நடுவில் ஒருவரையொருவர் போகச் சொல்லி நின்றோம்.

களத்தோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். உங்கள் ஜன்னல் ஓரமாகக் குனிந்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து பாக்கறனுங்க, எல்லாத்துக்கும் உட்டு உட்டுத்தான் போறீங்க. உங்ககூட நானும் ஒதுங்கி ஒதுங்கி நின்னுட்டனுங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு ஆருக்கும் உடாதீங்க. எனக்காவ."

சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போனாள். நீங்கள் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் காலை ஓட்டத்தில் உங்கள் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மதியம் பந்தயம். அம்மாவும் நானும் முதல் வளைவுக்கு எதிரே வேலியோரம் நின்றோம். வேகமானவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நீங்கள் கடைசிக்கு முன்னால். உங்களுக்குப் பின்னால் ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், உங்கள் வயதில் பாதி, ஒவ்வொரு சுற்றிலும் நெருங்கிக்கொண்டே வந்தார்.

கடைசிச் சுற்றில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் உள்பக்கமாக மூக்கை நுழைத்து, உங்களோடு சரிசமமாக வந்துவிட்டார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உங்கள் கையைத்தான் பார்த்தேன். அது எழவில்லை. வண்டியின் வேகமும் சீக்கிரம் குறையவில்லை. வலது வளைவுக்குள் இரண்டு வண்டிகளும் ஒன்றாக இறங்கின. நடுவில் அவருக்கு வேண்டிய இடத்தை விட்டு, அதற்கு மேல் ஒரு சாணும் கொடுக்காமல், நீளமான வெளியோரத்தைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சுற்றி வந்தீர்கள். அடுத்தது இடது வளைவு. வெளியோரமாக இருந்தது இப்போது உள்ளோரம் ஆகிவிட்டது. நீங்கள் முன்னால் வந்தீர்கள், அப்பா.

நான் கத்தவில்லை, கை தட்டவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்து, வாய் பிளந்து நின்றேன். தொட்டியில் குதித்த மனிதரும் சாம்பார் வாளியோடு நின்ற மனிதரும் அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பவரும் ஒருவர்தான் என்பதை நம்புவதற்கு எனக்கு நேரம் பிடித்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். தூசி என்றாள்.

வண்டிகள் வந்து நின்றன. சக்கரங்களிலிருந்து அந்த வாசம் எழுந்தது. ஈரோட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக உங்களிடம்தான் வந்தார். அவரைப் பார்த்ததும் உங்கள் முகம் சுருங்கியது. அவரோ வியர்வையோடு உங்களைக் கட்டிப்பிடித்து, இந்த மூன்று நாளில் இதுதான் தனக்கு நல்ல சுற்று என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வரும்போது நீங்கள்தான் ஓட்டினீர்கள். கிணத்துக்கடவு தாண்டி ஒரு பஸ் பின்னால் வந்தது. கை வெளியே போயிற்று. அம்மா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குத் தாண்டிப் போன டிரைவரின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள்.

வீட்டில் கை கால் கழுவிவிட்டுக் களத்தோரம் உட்கார்ந்தோம். கழுத்தைப் பிடித்துவிட்டேன், கல்லாக இறுகியிருந்தது. கொஞ்சநேரம் கழித்து, பெரிய புதையலைப் பார்த்தவர் குரலில் சொன்னீர்கள்.

"நான் உடவே இல்ல கண்ணு. அவரு கோவிச்சுக்கவே இல்ல, பாத்தியா."

அறுபது வயதில் ஒரு மனிதர் இதைக் கண்டுபிடித்து ஆச்சரியப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதற்குப் பிறகு நீங்கள் அதிக காலம் இருக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. அந்த ஒரு பேச்சு மட்டும் என்னோடு இருக்கிறது.

போன மாதம், நான் வைத்தியம் பார்க்கும் இடத்தில் என் கீழ்த்தளத்து அறையை இன்னொரு டாக்டருக்குக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போகச் சொன்னார்கள். எடுத்துக்குங்க என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழங்கால் வலியோடு வருகிறவர்கள் எப்படி மாடி ஏறுவார்கள் என்று கேட்டேன். வாரத்தில் இரண்டு மாலை அவர் பயன்படுத்திக்கொள்ளட்டும், அறையை மாற்ற முடியாதுங்க என்றேன். 

அந்த டாக்டர் கோபித்துக்கொண்டார், அப்பா. பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை. காலையில் கதவைத் திறந்தேன், நோயாளிகள் வந்தார்கள், வேலை நடந்தது. கோபித்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.