செத்த செல்லும் மின்னும்

ஜூலை 7, திங்கள்
விடாத மழை. மலையில் எங்கள் ஊர் வட்டவடையிலிருந்து மாட்டு ரத்தம் பாலக்காட்டு லேபுக்கு வந்து சேர்ந்ததே சாயங்காலம். மூணாறு வரை ஜீப், பிறகு உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி, கேரட் மூட்டைக்கு நடுவில். பாலக்காட்டு மாட்டு ரத்தமோ பக்கத்துத் தொழுவத்திலிருந்து, கறந்த பால் சூட்டோடு. இரண்டையும் ஒப்பிட வேண்டுமாம். என்ன ஒப்பீடோ.

சிடி8 என்ற ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கத்தான் இந்த மோனோகுளோனல் ஆன்டிபாடி. அதில் கட்டிய சாயம் கருவியில் மின்னினால், நோயைக் கொல்லும் வெள்ளணு என்று கணக்கு. மலை மாட்டில் எப்போதும் கூடுதல் மின்னல். செத்த செல்லைக் காட்டும் சாயமும் சேர்க்கலாம் என்றேன். கைடு சார் முகத்தைச் சுளித்தார். "எடோ, ரிசல்ட் நன்னாயிட்டுண்டல்லோ. வெறுதெ குழப்பிக்கண்டா." நல்ல ரிசல்ட்டை வீணாகக் குழப்பக் கூடாதாம்.

வாங்க வேண்டியது: பைப்பெட் டிப், தலைவலி மாத்திரை, குடை. சாருக்கு மனசாட்சி (கடையில் இருக்காது).

ஜூலை 8, செவ்வாய்
மழை விட்டு வெயில். சார் கூட்டத்துக்குப் போய்விட்டார், நிம்மதி. பக்கத்து லேப் சுதாவிடம் அந்தச் செத்த செல் சாயத்தைக் கேட்டேன். கொழிஞ்சாம்பாறைக்காரி, பயந்தாங்கொள்ளி, ஆனால் நல்லவள். "ஏனுங்க, உங்க சாருக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வைவாருங்க. எடுத்துக்கங்க, சொல்லிப்போடாதீங்க."

பார்த்தேன். மலை மாட்டில் மின்னியதில் முக்கால்வாசி பிணம். செத்த செல்லில் எந்த ஆன்டிபாடியும் ஒட்டிக்கொள்ளும். எதையுமே பிடிக்கக் கூடாத கன்ட்ரோல் ஆன்டிபாடி போட்ட ட்யூப்கூட ஜெகஜ்ஜோதியாக இருக்கிறது. எல்லாம் பஸ்ஸில் வரும் வழியிலேயே செத்தவை. செத்ததைக் கழித்தால் இரண்டு மாடும் ஒன்றுதான்.

நேற்று மிஞ்சிய பாலக்காட்டு மாட்டு ரத்தத்தைப் பகல் முழுக்க ஜன்னலோர வெயிலில் வைத்தேன். சாயங்காலம் அதுவும் மலை மாடாகிவிட்டது. சிரித்தேன். பிறகு முகாம் ஞாபகம் வந்தது.

போன மாதம் வட்டவடையில் மாடு வளர்ப்பவர்களுக்கு நடத்திய முகாம். சார் மலையாளத்தில் பேச, பக்கத்தில் நின்று மைக்கில் தமிழில் சொன்னது நான். ஊர்க்காரி என்று என்னைத்தான் கூட்டிப்போனார். "நம்ம மலை மாட்டுக்குக் கோமாரி ஊசி தேவையில்ல. அதுக்கு ரத்தத்துலயே காவல் இருக்கு." ஊரே கைதட்டியது. முன்வரிசையில் மாமா, அம்மாவின் தம்பி. நாலு மாடு, ஒரு கன்று. அதுதான் அவர் சோறு.

ஜூலை 9, புதன்
புழுக்கம். படங்களை சார் மேஜையில் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"பேப்பர் போகட்டெ. பின்னெ நோக்காம்." ஆய்வுக் கட்டுரை முதலில் அச்சுக்குப் போகட்டுமாம், மற்றது பிறகாம்.

ஊசி வேண்டாம் என்று ஊரில் சொன்னோமே சார், அதை மாற்றிச் சொல்ல வேண்டாமா என்றேன்.

"ஞான் அங்ஙனெ பறஞ்ஞிட்டில்லல்லோ. தமிழில் பறஞ்ஞது நீயல்லே?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம், தமிழில் சொன்னது நான்தானாம். அடப்பாவி. நான் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. இந்த மனுஷனுக்கு மூன்று வருஷமாக டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேப்பரிலிருந்து என் பெயரை எடுங்கள் என்றேன். அப்படியானால் பிஎச்.டி.யும் இல்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாப்பிடவில்லை. சுதா கொடுத்த தயிர்சாதம் அப்படியே இருக்கிறது. வட்டவடைக்கு லைன் கிடைக்கவில்லை. அங்கே மழையாக இருக்கும்.

ஜூலை 10, வியாழன்
காலையில் மாமா கிடைத்தார். உடனே ஊசி போடுங்க மாமா என்றேன்.

"ஊசிக்காரங்க வாசல் வரைக்கும் வந்தாங்கத்தா. நாந்தான் திருப்பி விட்டேன். எம் மருமகளே மைக்குல சொல்லிருக்கு, போங்கடான்னு."

இப்போதாவது கூப்பிடுங்க என்றேன்.

"செவலை முந்தாநாள்லருந்து எச்சி வடிச்சுக்கிட்டு நிக்கிது. நாக்குப் பூராம் புண்ணு. காலை ஊண்ட முடியல. இனி என்னத்த ஊசி?"

சார் சொன்னதைத்தான் சொன்னேன், நானும் நம்பித்தான் சொன்னேன் என்று அழுதேன்.

கன்றைச் செவலையிடம் விடாதீங்க, அந்தப் பால் ஆகாது. மற்ற மூன்றையும் தள்ளிக் கட்டுங்க. டாக்டரைக் கூப்பிடுங்க என்றேன்.

"இது யாரு சொல்லச் சொன்னதுத்தா?" என்று கேட்டார் மாமா.