அத்தானின் கெப்புக்குள் நான் ஊற்றிய ஒன்றரை லீற்றர்

கொட்டாஞ்சேனைச் சந்தி முதல் வெள்ளவத்தைப் பாலம் வரை ஒரு தடவைகூட ஹோர்ன் அடிக்காமல் வாகனம் ஓட்டிய ஒரே மனிதப்பிறவியான என் செல்ல அத்தானுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் வாகனங்கள் உண்டா? உண்டென்றால் இந்நேரம் அவையெல்லாம் ஓட்டோ கியராக மாறியிருக்கும். போய்ச் சேர்ந்த அன்றே, கிளச் என்பது மனிதகுலத்துக்கு எதிரான சதி என்று வாசலில் நின்றவரிடம் விளக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். உங்கள் டபிள் கெப் ஓடுகிறது. புது கியர் பெட்டி போட்டாயிற்று. புதிது என்றால் நமக்குப் புதிது, ஜப்பானுக்குப் பழையது. இனி மற்றச் செய்தி. பழைய பெட்டியைக் கொன்றவன் நான்தான்.

நீங்கள் போனபிறகு கெப் பத்து மாதம் ஒழுங்கைக்குள் நீலத் தறப்பாளின் கீழே கிடந்தது. ஆணியில் தொங்கிய திறப்பை அக்கா தொடவே இல்லை. தறப்பாளுக்கு மேலே காகங்கள் தனி மாநகரசபை நடத்தின. திருநாளுக்கு முன் ஒருக்கால் ஓட்டிப் பார்ப்போம் என்று ஒரு காலையில் நான் போனேன். முப்பது வருடம் துறைமுகத்தில் லொறி ஓட்டியவன் நான். நான் ரிவேர்ஸ் எடுப்பதைப் பார்க்கவே கப்பல்கள் ஒருநாள் பிந்திப் புறப்பட்ட காலம் உண்டு. அந்தக் கை சும்மா இருக்குமா?

பட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்தேன். கியரை 'டி'யில் போட்டால், நகர்வதா வேண்டாமா என்று கெப் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒயில் குறைந்துவிட்டது என்று ஒரு விநாடியில் தீர்ப்பு வழங்கினேன். வீட்டில் லொறிக் காலத்து கியர் ஒயில் ஒரு டின் இருந்தது. கித்துள் பாணியைவிடத் தடித்த சரக்கு. ஒரு மலையையே அதில் உருட்டிவிடலாம். ஒன்றரை லீற்றர் ஊற்றினேன். ஓட்டோ கியருக்கு என்று தண்ணீர் மாதிரி ஒரு சிவப்பு ஒயில் இருப்பதை நீங்கள் எனக்கு ஐந்நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். நான் எப்போது உங்கள் பேச்சைக் கேட்டேன்?

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மாதா கோயில் வாசலுக்கு நேரே நின்றது. இயந்திரம் சிங்கம் மாதிரி உறுமுகிறது, சக்கரம் ஒரு அங்குலம் அசையவில்லை. பூசை முடிந்து வந்த சனம் முழுவதும் சுற்றி நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தார். கெப்பின் முன்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“பத்து மாசம் நான் ஸ்டார்ட் பண்ணாமல் விட்டன். அதாலதான், சீலன். அவர் கைக்குள்ள வச்சுப் பார்த்ததை நான் பழுதாக்கிப்போட்டன்.”

அத்தான், அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உலகத்திலுள்ள சகல விஷயங்களுக்கும் திறக்கும் வாய் இது. அன்று திறக்கவில்லை.

அன்று பின்னேரமே அக்கா முடிவு சொல்லிவிட்டார். நுகேகொடையில் ஒரு ஆள் பழைய வாகனங்களை உதிரிப்பாகங்களுக்காக எடுக்கிறாராம். இன்னும் மூன்று கிழமையில் மாதா திருநாள். அதற்கு ஓடாவிட்டால் அந்த ஆளிடம் கொடுத்துவிடுவேன், ஒழுங்கையில் அதைப் பார்த்துப் பார்த்து என்னால் ஏலாது என்றார்.

பதினெட்டு வருடம் மாதாவின் சுரூபத்தைச் சுமந்து வீதிவலம் போன கெப்பைத் துண்டு துண்டாக்கவா? நான் கரியர் லொறி பிடித்தேன். கொட்டாஞ்சேனையில் ஏற்றி, காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்கு ஊர்வலம். பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். பஸ் வந்ததால்தான் எழுந்தார்கள் என்று லொறிக்காரர் சொன்னார். அவருக்கு இரசனை போதாது.

நீங்கள் நம்பிய ஒரே மெக்கானிக், அதே சுமனே பாஸ், இன்னமும் கால்வாய் ஒழுங்கையில்தான் கராஜ் வைத்திருக்கிறார். உங்கள் படத்தை அங்கே ஒட்டியிருக்கிறார், தெரியுமா? நடிகைக்கும் டயர் கலண்டருக்கும் நடுவில் நீங்கள். நல்ல இடம்தான்.

பாஸ் பெட்டியின் அடிமூடியைக் கழற்றி ஒயிலை வடித்தார். சிவப்பாக வரவேண்டியது கறுப்பாக, கட்டியாக, கருகிய மணத்தோடு வந்தது. விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல மனிதர், விரலைத் துடைத்துக்கொண்டார். “மாத்தயா, பேசாம மெனுவல் போடுவம். கிளச் வச்சுத் தாறன். லேசி வேலை” என்றார்.

யோசித்துப் பாருங்கள் அத்தான். இருபது வருடமாக நீங்களும் நானும் சோற்றுத் தட்டுக்கு முன்னாலிருந்து செய்த யுத்தம். ஓட்டோ கியர் சோம்பேறிகளுக்கு என்று நான், கிளச் மடையர்களுக்கு என்று நீங்கள். ஒரே வார்த்தையில் நான் வென்றுவிடலாம், எதிர்த்துப் பேச நீங்களும் இல்லை. ஆனால் ஊர்வலம் நினைவுக்கு வந்தது. செபமாலை சொல்லும் அன்ரிமாரின் நடைவேகத்தில் இரண்டு மணித்தியாலம். பிரேக்கை மெல்ல விட்டால் தானாக ஊரும் உங்கள் கெப், மேலே மாதாவின் முடிகூட ஆடாது. கிளச் விட்டு விட்டுப் போனால் மாதா கொட்டாஞ்சேனை முழுவதும் தலையாட்டிக்கொண்டே வருவார்.

“ஓட்டோவே போடுங்க பாஸ்” என்றேன். நீங்கள் எங்கேயோ சிரித்தது எனக்குக் கேட்டது.

பஞ்சிகாவத்தையில் ஏழு கடை ஏறி இறங்கி ஒரு பெட்டி எடுத்தோம். ஜப்பானில் ஒரு கிழவர் கோயிலுக்கு மட்டும் ஓட்டிய வாகனத்தில் இருந்ததாம். கடைக்கார நானா சத்தியம் செய்தார். ஜப்பானில் இவ்வளவு பக்தியான கிழவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பழையதை இறக்குவது ஒரு நாள் வேலை. புதியதில்தான் சிக்கல். பெட்டியின் வாயில் பூசணிக்காய் அளவில் ஒரு வட்டச் சாமான் உட்கார வேண்டும், கொன்வேர்ட்டர் என்பார்கள். அதைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே விட வேண்டும். ‘டொக்’ என்று மூன்று தடவை விழ வேண்டும். இரண்டோடு விட்டு இயந்திரத்தில் பூட்டினால் உள்ளே உள்ள பம்ப் நொறுங்கிவிடும், பெட்டி முடிந்தது. ஒரு டொக் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது வரவில்லை. அரை மணித்தியாலம் பாஸ் சுற்றினார். பூமி சூரியனை அவ்வளவு சுற்றியிராது. நாளை மறுநாள் திருநாள்.

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. “பாஸ், அந்தத் தடித்த ஒயில் ஊத்தினது நான்” என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, “தெரியும் மாத்தயா” என்றார்.

டொக்.

பாவசங்கீர்த்தனத்தின் வல்லமையைப் பற்றி நம்முடைய சுவாமி இத்தனை வருடம் செய்த பிரசங்கமெல்லாம் இந்த ஒரு சத்தத்துக்கு ஈடாகாது.

இயந்திரத்தைக் கழுவித் துடைக்கும்போது போனெட்டின் உட்பக்கம் ஒட்டியிருந்த ஒரு கடதாசி வெளிப்பட்டது. உங்கள் எழுத்து. பாஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, என்ன எழுதியிருக்கு என்று என்னைக் கேட்டார். அதிலிருந்தது இதுதான்: ‘சிவப்பு ஒயில் மட்டும். சீலன், உனக்குத்தான் சொல்கிறேன்.’

மாதாவே காத்தருளும் என்று எழுதியிருக்கிறது என்றேன். பாஸ் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மேலே கண்ணாடிப் பொலித்தீன் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினார். இனி ஊழிக்காலத்திலும் அழியாது.

சிவப்பு ஒயில் ஊற்றி, இயந்திரம் ஓட ஓட அளவு பார்த்து, மரைன் டிரைவில் ஓட்டினோம். முதல் சந்தி வந்ததும் என் இடது கால் முப்பது வருடப் பழக்கத்தில் கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்தது. பாஸின் பிளேன்டீ அவருக்கு முன்னால் கடலுக்குப் போனது. இரண்டாம் சந்தியிலும் அதே. பாஸ் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“மாத்தயா, இப்பிடி ஓட்டினா மாதா இறங்கி நடந்துதான் போகணும். அந்தக் காலை மடிச்சு சீட்ல வையுங்க. ஐயாவும் அப்பிடித்தானே. அவருக்கும் முதல்ல இதே வருத்தம்.”

நீங்கள் இடது காலை மடித்து வைத்து ஓட்டுவதை நான் பதினெட்டு வருடம் பகிடி பண்ணினேன். சாமியார் சவாரி போகிறார் என்று ஊரெல்லாம் சொன்னேன். உங்களுக்குள்ளும் ஒரு கிளச்சுக் கால் ஒளிந்திருந்ததை ஒருநாளாவது சொல்லியிருக்கக் கூடாதா, அத்தான்?

திருநாளன்று சுரூபம் ஏற்ற முன்னர், வழக்கம்போல சுவாமி வாகனத்தை மந்திரிக்க வந்தார். வழக்கம்போல போனெட்டையும் திறக்கச் சொன்னார். நான் அந்தக் கடதாசியை மறந்தே போனேன். தீர்த்தம் தெளித்தபோது பக்கத்தில் நின்ற அக்கா அந்தப் பொலித்தீனைக் கண்டார். கிட்டப் போய் வாசித்தார். இன்னொருக்கால் வாசித்தார்.

“எத்தனை லீற்றர் ஊத்தினாய்?”

“ஒன்றரை.”

“அப்ப, நான் இல்லை.”

“இல்லையக்கா. நான்தான்.”

மூன்று கிழமை அதைத் தலையில் சுமந்திருக்கிறார், அத்தான். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். பாட்டுக்குழு, பாண்ட் வாத்தியம், சுவாமி எல்லோருக்கும் முன்னால் அக்கா போனெட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். நீங்கள் போனபின் அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை. பிறகு பேனாவை என் கையில் தந்து, பொலித்தீனுக்கு மேல், உங்கள் எழுத்துக்கு நேர் கீழே, வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கையொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். சுவாமிதான் சாட்சி.

அதோடு விட்டாரா? உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு ஒரு கண்ணீர்க் கவிதை போடுவோம் என்றேன். “கவிதை வேண்டாம். நீ செய்ததை எழுது, ஊர் வாசிக்கட்டும்” என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

திருநாளன்று அக்கா முன் சீட்டில் ஏறினார். நான் இடது காலை மடித்து வைத்தேன். பிரேக்கை விட்டேன். கெப் ஊர்ந்தது. மேலே மாதா தலையாட்டவில்லை. நுகேகொடை ஆள் இரண்டு தரம் கோல் எடுத்தார், அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலால் சனத்துக்குக் கைகாட்டிக்கொண்டு வந்தார்.

இனி ஒவ்வொரு திருநாளுக்கும் மாதாவை நான் கொண்டுபோவேன். பிரேக்கில் ஒற்றைக் கால் மட்டும், பெட்டிக்குள் சிவப்பு ஒயில் மட்டும். அந்தக் கடதாசியைக் கழற்ற மாட்டேன். கெப்பை வாங்க எவன் வந்தாலும் முதலில் போனெட்டைத் திறந்து அதை வாசிக்க வைப்பேன். இது சத்தியம், ஜப்பான் கிழவரின் சத்தியத்தைவிட உறுதியானது.

வாசித்து விளங்கிக்கொண்ட,
உங்கள் மச்சான்
சீலன்